ஏழைக்கு வாதாடிய வக்கீல்

“வக்கீலை டில்லிக்கு அனுப்பி என்ன கண்டோம்? முன்பு கட்சிக்காரனிடம் பீஸ் வாங்கினார். இப்போது கட்சியிடம் டிக்கெட் வாங்குகிறார். அவ்வளவுதானே!”

தேர்தல் வந்தால் ஆலை வாயிலிலும் டீக்கடை பெஞ்சிலும் இந்தப் பேச்சு எழும். இதில் நியாயமே இல்லை என்று நாம் சொல்ல மாட்டோம். கறுப்பு அங்கியைக் கழற்றி வைத்துவிட்டுச் சபைக்குள் போனவர்களில் எத்தனை பேர் போன சுவடு தெரியாமல் திரும்பினார்கள் என்பதை நாடு அறியும். ஆனால், “வக்கீலே வேண்டாம்” என்று முடிவு கட்டுகிறார்களே, அங்கேதான் நாம் மாறுபடுகிறோம்.

அரிவாள் கதிரையும் அறுக்கும், கழுத்தையும் அறுக்கும். குற்றம் அரிவாளிலா? பிடித்த கையிலா? சட்ட அறிவும் அப்படித்தான். அது யார் கையில் இருக்கிறது, யாருக்காக வாதாடுகிறது என்பதே கேள்வி.

இதற்குச் சான்றாக ஒரு வாழ்க்கையைத் தோழர்கள் முன் வைக்கிறோம். நெப்ராஸ்கா என்ற அமெரிக்க மாநிலத்தில், சோளக்காட்டுக்கு நடுவே இருந்த சிற்றூரில் வக்கீல் தொழில் பார்த்தவர். பிறகு 40 ஆண்டுகள் அந்நாட்டின் தேசிய சபைகளில் அமர்ந்தவர். பெயர் ஜார்ஜ் வில்லியம் நாரிஸ். நம் நாட்டு மேடைகளில் லிங்கன் பெயர் ஒலித்த அளவு இவர் பெயர் ஒலித்ததில்லை. ஆனால் உழைப்பவன் மறக்கக்கூடாத பெயர் அது.

ஏர் பிடித்த வீட்டுப் பிள்ளை

1861-ல் ஒஹாயோ மாநிலத்தில் ஓர் ஏழைக் குடியானவர் வீட்டில் பிறந்தார் நாரிஸ். மூன்று வயதில் தந்தை போனார். அடிமைமுறை பற்றி எழுந்த உள்நாட்டுப் போரில் அண்ணன் மாண்டார். பிள்ளைகள் நிறைந்த வீட்டைத் தாய் ஒருத்தியே நிலத்தில் உழைத்துக் காப்பாற்றினாள். பையன் அயலார் வயலில் கூலி வேலை செய்தான். பள்ளிக்கூடத்தில் பாடம் சொல்லிக் கொடுத்தான். அந்தக் காசில் சட்டம் படித்து 1883-ல் பட்டம் பெற்றான்.

1885-ல் நெப்ராஸ்காவுக்கு வந்தார். பீவர் சிட்டி என்ற சிற்றூரில் தொழில் நடத்தினார். பிறகு மெக்குக் என்ற ஊருக்குக் குடிபெயர்ந்தார். அங்கே வக்கீலிடம் என்ன வழக்கு வரும்? அடமான வழக்கு, வரப்பு வழக்கு, கடன் வழக்கு. 1890-களில் அந்தப் பக்கம் கடும் வறட்சி. மழை இல்லை, விளைச்சல் இல்லை, ஆனால் வட்டி மட்டும் தவறாமல் வளர்ந்தது. கடன் கொடுத்தவன் கோர்ட்டுக்கு வந்தான். நிலம் ஏலத்துக்கு வந்தது.

அப்போது நாரிஸ் மாவட்ட நீதிபதியாகிவிட்டார். சட்டப்படி ஏலத்தை உறுதி செய்து கையெழுத்துப் போட்டுவிட்டுப் போயிருக்கலாம்; யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். ஆனால் நீதிபதிக்கு அதே சட்டம் தந்திருந்த அதிகாரத்தை அவர் எடுத்துப் பார்த்தார். உழைக்கிற குடியானவன், அடுத்த போகத்தில் கடனைக் கட்டக்கூடியவன் என்று தெரிந்தால் ஏலத்தை உறுதி செய்யாமல் தவணை கொடுத்தார். ஏழையைக் காக்கும் வரி சட்டப் புத்தகத்தில் எப்போதும் ஒரு மூலையில் இருக்கிறது. தேடி எடுக்க மனம் வேண்டும், அவ்வளவே.

ரயில் கம்பெனியின் பாஸ்

இதனால் அவர் பிறவியிலேயே புரட்சிக்காரர் என்று யாரும் எண்ணிவிட வேண்டாம். இளம் வக்கீலாக இருந்தபோது பர்லிங்டன் ரயில்வே கம்பெனிக்கு உள்ளூர் வழக்குகளைப் பார்த்தவர்தான். கம்பெனி கொடுத்த இலவசப் பாஸில் பயணம் செய்தவர்தான். அந்தக் காலத்தில் அங்கே ரயில் கம்பெனிதான் ராஜா. தானியத்துக்கு எவ்வளவு கூலி என்பதும் அதன் இஷ்டம். யார் சபைக்குப் போவது என்பதிலும் அதன் கை இருந்தது. வக்கீலுக்கும் நீதிபதிக்கும் பத்திரிகைக்காரருக்கும் பாஸ் கொடுத்தது தர்மத்துக்கா? பாஸ் வாங்கியவன் வாய் திறக்க மாட்டான் என்ற கணக்கு!

1902-ல் குடியரசுக் கட்சியின் சார்பில் கீழ்ச்சபைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார் நாரிஸ். ரயில் கட்டணத்தைச் சர்க்கார் கட்டுப்படுத்தும் சட்டம் 1906-ல் வந்தபோது அதை ஆதரித்தார். பாஸ் கொடுத்த கம்பெனியின் கணக்குத் தப்பியது! மனிதன் எங்கே தொடங்கினான் என்பதை மட்டும் பார்க்காதீர்கள். எந்தப் பக்கம் நடந்தான் என்பதையும் பாருங்கள்.

சட்டைப் பையில் ஒரு காகிதம்

கீழ்ச்சபையில் அப்போது சபாநாயகர் ஜோசப் கானன். எந்த மசோதாவை எடுப்பது, எதைக் குப்பையில் போடுவது என்று முடிவு செய்த விதிகள் கமிட்டிக்கு அவரே தலைவர். மற்றக் கமிட்டிகளின் உறுப்பினர்களை நியமிப்பவரும் அவரே. எதிர்த்தவனுக்குக் கமிட்டியில் இடம் போய்விடும். அவர் கண் சாடை இல்லாமல் சபையில் பேசவும் முடியாது. அந்தக் கானனும் இல்லினாய் மாநிலத்தின் சிற்றூர் வக்கீல்தான் என்பதைத் தோழர்கள் குறித்துக்கொள்ள வேண்டும். இருவரும் ஒரே கட்சி. ஒரே தொழில். ஒருவர் விதியைப் பூட்டாக்கினார். மற்றவர் அதே விதியில் சாவியைத் தேடினார்.

சபை விதிகளை மாற்ற ஒரு தீர்மானத்தை எழுதி, நெடுநாள் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு காத்திருந்தார் நாரிஸ். கொண்டுவர வழி இல்லை, கதவு அடைத்திருந்தது. 1910 மார்ச்சில் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு பற்றிய மசோதா ஒன்று வந்தது. கணக்கெடுப்பு அரசியல் சட்டம் இட்ட கட்டளை. ஆகவே இதற்கு முன்னுரிமை உண்டு என்று கானன் தீர்ப்பளித்தார். மார்ச் 17 அன்று நாரிஸ் எழுந்தார். சபை தன் விதிகளைத் தானே வகுத்துக்கொள்ளலாம் என்பதும் அரசியல் சட்டம்தானே? அப்படியானால் என் தீர்மானத்துக்கும் முன்னுரிமை உண்டு என்றார். காகிதம் பையிலிருந்து வெளியே வந்தது!

கானன் திகைத்தார். ஊருக்குப் போயிருந்த தம் ஆட்களைத் திரட்டக் காலம் கடத்தினார். இரவெல்லாம் சபை நடந்தது. மார்ச் 19-ல் தீர்மானம் செல்லாது என்று தீர்ப்பளித்தார். சபை அந்தத் தீர்ப்பையே தள்ளியது. 191-க்கு 156 என்ற வாக்கில் நாரிஸின் தீர்மானம் நிறைவேறியது. விதிகள் கமிட்டியை இனிச் சபையே தேர்ந்தெடுக்கும். சபாநாயகருக்கு அதில் இடமில்லை. அன்றே கானனைப் பதவியை விட்டு இறக்கும் தீர்மானமும் வந்தது; அது தோற்றது. ஏன்? சண்டை ஆளோடு அல்ல, விதியோடு என்று கலகக்காரர்களில் பெரும்பாலோர் தெளிவாக இருந்தார்கள். ஆளை மாற்றிவிட்டு விதியை அப்படியே வைத்தால், நாளை வேறொரு கானன் வருவான்.

ஆறு பேரில் ஒருவர்

1913-ல் மேல்சபையான செனட்டுக்கு வந்தார். 1917-ல் உலக யுத்தத்தில் அமெரிக்கா இறங்கப் போகிறது என்ற நிலை. வியாபாரக் கப்பல்களுக்கு ஆயுதம் பூட்டும் மசோதாவைத் தடுத்து நின்ற சிலரில் நாரிஸும் ஒருவர். ஜனாதிபதி வில்சன் சீறினார். பத்திரிகைகள் துரோகி என்று எழுதின. நாரிஸ் என்ன செய்தார்? தலைநகரில் ஒளிந்துகொள்ளவில்லை. ஊருக்கு வந்தார். நெப்ராஸ்காவின் தலைநகரான லிங்கன் நகரில் தாமே ஒரு மண்டபத்தை வாடகைக்குப் பிடித்து, மக்கள் முன் நின்று காரணத்தைச் சொன்னார். வசை பாட வந்த கூட்டம் என்று பயந்தார்கள். கூட்டம் கை தட்டியது.

ஏப்ரல் 4-ல் யுத்தத் தீர்மானம் செனட்டில் 82-க்கு 6 என்று நிறைவேறியது. அந்த ஆறில் நாரிஸ் ஒருவர். யுத்தத்தில் லாபம் பெறுபவன் பணக்காரன், உயிர் கொடுப்பவன் ஏழை என்பது அவர் வாதம். 1918-ல் மக்கள் அவரைத் திரும்பவும் செனட்டுக்கு அனுப்பினார்கள். உண்மையைச் சொன்னால் ஓட்டுப் போய்விடும் என்று நடுங்குகிறவர்களுக்கு இது பாடம்.

மஞ்சள் நாய் ஒப்பந்தம்

தொழிலாளத் தோழர்கள் ஊன்றிப் படிக்க வேண்டிய பகுதி இது.

அமெரிக்கச் சுரங்கங்களிலும் ஆலைகளிலும் வேலை கேட்டுப் போகிறவனிடம் ஒரு காகிதத்தை நீட்டுவார்கள். ‘சங்கத்தில் சேரமாட்டேன்’ என்று எழுதியிருக்கும். கையெழுத்துப் போட்டால் வேலை; போடாவிட்டால் பட்டினி. தொழிலாளிகள் இதற்கு வைத்த பெயர் ‘மஞ்சள் நாய் ஒப்பந்தம்’. மானமுள்ள மனிதன் போடுகிற கையெழுத்தா இது என்ற கசப்பு அந்தப் பெயரில் இருக்கிறது.

இதில் சூழ்ச்சி என்ன? பசித்தவன் போட்ட கையெழுத்தைப் புனிதமான ஒப்பந்தம் என்றார்கள் நீதிபதிகள். சங்கத்துக்காரர் அவனிடம் போய், “தோழரே, சங்கத்தில் சேருங்கள்” என்றால், ஒப்பந்தத்தை மீறத் தூண்டிய குற்றம்! மேற்கு வர்ஜினியா நிலக்கரிச் சுரங்க வழக்கொன்றில் 1917-ல் உச்ச நீதிமன்றமே இதை ஏற்றது. பிறகு கேட்க வேண்டுமா? கோர்ட் தடையுத்தரவு முதலாளியின் தடியாயிற்று. 1922-ல் ரயில்வே பட்டறைத் தொழிலாளர் சுமார் 4 லட்சம் பேர் வேலைநிறுத்தம் செய்தபோது, சிகாகோ நீதிபதி ஒருவர் போட்ட உத்தரவு, வேலைநிறுத்தத்துக்கு ஆதரவாக வாயைத் திறப்பதையே குற்றமாக்கியது. சாட்சி இல்லை, ஜூரி இல்லை. ஒரே நீதிபதி, ஒரே கையெழுத்து!

நமக்கு இது அயல்நாட்டுக் கதையா? அல்லவே அல்ல! சென்னையில் 1918 ஏப்ரல் 27-ல் தோன்றியது சென்னைத் தொழிலாளர் சங்கம். 1920-ல் பக்கிங்காம் ஆலை நிர்வாகம் அந்தச் சங்கத் தலைவர் வாடியா மீதும் பிறர் மீதும் உயர் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டது. குற்றம் என்ன? தொழிலாளிகளை ஒப்பந்தத்தை மீறத் தூண்டினார்கள் என்பது! நஷ்டஈடு கேட்டார்கள், தடையுத்தரவும் வாங்கினார்கள். அதே தடி, அடி விழுந்த முதுகு மட்டும் வேறு. அந்த அடியின் எதிரொலியாகத்தான் 1921-ல் மத்திய சட்டசபையில் என். எம். ஜோஷி சங்கப் பாதுகாப்புக்குச் சட்டம் கேட்டுத் தீர்மானம் கொண்டுவந்தார். 1926-ல் தொழிற்சங்கச் சட்டம் வந்தது.

அமெரிக்கத் தொழிலாளிக்கு இன்னும் காத்திருக்க வேண்டியிருந்தது. 1914-ல் வந்த ஒரு சட்டம் சங்கங்களைக் காக்கும் என்று நம்பினார்கள். 1921-ல் உச்ச நீதிமன்றம் அதை ஓட்டையாக்கியது. நாரிஸ் பாடம் கற்றார். செனட் நீதித்துறைக் கமிட்டியின் தலைவராக இருந்த அவர், தொழிலாளர் சட்டம் கற்ற அறிஞர்களை உட்கார வைத்து, நீதிபதி புகுந்து வெளியேற ஒரு சந்துகூட இல்லாதபடி மசோதாவை எழுதச் செய்தார். 1930-ல், மஞ்சள் நாய் ஒப்பந்தத்தை ஆதரித்துத் தீர்ப்பளித்த நீதிபதி பார்க்கரை உச்ச நீதிமன்றத்துக்கு நியமித்தார் ஜனாதிபதி ஹூவர். நாரிஸ் எதிர்த்தார், தொழிற்சங்கங்கள் எதிர்த்தன, நீக்ரோ மக்களின் வாக்குரிமைக்கு எதிராக அவர் பேசியதற்காகக் கறுப்பின மக்களின் அமைப்பும் எதிர்த்தது. 41-க்கு 39 என்று நியமனம் தோற்றது. காற்று திரும்பிவிட்டது.

1932 மார்ச் 23-ல் ‘நாரிஸ் - லா கார்டியா சட்டம்’ ஆயிற்று. கையெழுத்துப் போட்டவர் அதே ஹூவர்! அந்தச் சட்டம் சொன்னது இதுதான்: மஞ்சள் நாய் ஒப்பந்தம் மத்திய நீதிமன்றத்தில் செல்லாது. வேலையை நிறுத்துவதையும், சங்கத்தில் சேர்வதையும், அமைதியாகக் கூடிப் பேசுவதையும் அந்த நீதிமன்றங்கள் தடுக்கக் கூடாது. வேறு காரணத்துக்குத் தடை கேட்டாலும், சாட்சியை விசாரித்து, குறுக்கு விசாரணைக்கு இடம் கொடுத்த பிறகே உத்தரவு. 1938-ல் உச்ச நீதிமன்றமும் இதை ஏற்றது.

தெருவில் முழக்கம் எழுப்பியவர்களின் உழைப்பு இதில் உண்டு. சிறை சென்றவர்களின் தியாகம் உண்டு. ஆனால் அந்த முழக்கத்தைச் சந்து இல்லாத சட்டமாக எழுதித்தர ஒரு வக்கீல் வேண்டியிருந்தது.

ஆறு யாருக்குச் சொந்தம்?

டென்னசி ஆற்றில் மசில் ஷோல்ஸ் என்ற இடத்தில் யுத்தகாலத் தேவைக்காகச் சர்க்கார் அணை கட்டியது, மக்கள் வரிப்பணம். யுத்தம் முடிந்ததும் மோட்டார் முதலாளி ஹென்றி போர்டு வந்தார். 100 ஆண்டுக் குத்தகை கேட்டார். ஊரே அவருக்கு ஆரத்தி எடுத்தது. நாரிஸ் முடியாது என்றார். ஆற்று நீரில் எழும் மின்சாரம் ஆற்றங்கரை மக்களுக்குச் சொந்தம் என்றார். அவர் மசோதா சபைகளில் நிறைவேறியது. 1928-ல் கூலிட்ஜ் கையெழுத்திடாமல் சாகடித்தார். மீண்டும் நிறைவேறியது, 1931-ல் ஹூவர் வீட்டோ செய்தார். மூன்றாம் முறை, 1933 மே 18-ல், ரூஸ்வெல்ட் கையெழுத்திட்டார். டென்னசி பள்ளத்தாக்கு ஆணையம் பிறந்தது. நம் நாட்டில் 1948-ல் அமைந்த தாமோதர் பள்ளத்தாக்கு கார்ப்பரேஷன் அதைப் பார்த்து உண்டானதே.

1930-களின் நடுவில் அமெரிக்கப் பண்ணைகளில் பத்தில் ஒன்றுக்குத்தான் மின்விளக்கு. கிராமத்தில் கம்பி இழுத்தால் லாபம் இல்லை என்றன கம்பெனிகள். 1936-ல் நாரிஸ் முன்னின்று நிறைவேற்றிய கிராம மின்சாரச் சட்டம், குடியானவர்களின் கூட்டுறவுச் சங்கங்களுக்குக் கடன் கொடுத்தது. லாபம் பார்ப்பவன் இழுக்காத கம்பியை மக்கள் இழுத்துக்கொண்டார்கள்.

குறையையும் மறைக்க மாட்டோம். அணைக்காக ஆயிரக்கணக்கான குடும்பங்கள் நிலத்தை விட்டு எழுந்தன. அணைத் தொழிலாளருக்காக அவர் பெயரிலேயே கட்டிய ‘நாரிஸ்’ நகரில் கறுப்பருக்குக் குடியிருக்க இடமில்லை. ஊருக்கு வெளியே ஒரு சாரார் நிற்க, உள்ளே எரியும் விளக்கு முழு விளக்கல்ல. இதைச் சேரியும் ஊரும் பார்த்த நமக்கு யாரும் விளக்கத் தேவையில்லை.

பெயரைத் திருடியவர்கள்

1930 தேர்தலில் நாரிஸைத் தோற்கடிக்க ஒரு தந்திரம் செய்தார்கள். அதே பெயருடைய ஒரு மளிகைக் கடைக்காரரைத் தேடிப் பிடித்து வேட்பாளர் தேர்தலில் நிறுத்தினார்கள்! இரண்டு ‘ஜார்ஜ் டபிள்யூ. நாரிஸ்’, எது யார் என்று வாக்காளர் குழம்பட்டும் என்ற எண்ணம். மனு கெடு தாண்டி வந்து சேர்ந்ததால் நீதிமன்றம் அதைத் தள்ளியது. விசாரணையில் பொய் சொன்னதற்காக அந்த மனிதர் தண்டனையும் பெற்றார். நம் ஊர்த் தேர்தல்களில் ஒரே பெயரில் நாலு சுயேச்சைகளைப் பார்த்த தோழர்கள், இந்த வித்தைக்கு வயது எவ்வளவு என்று கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

தோல்வி தரும் பாடம்

கட்சியை மீறி ஜனாதிபதித் தேர்தலில் எதிர்க்கட்சியை ஆதரித்தவர் நாரிஸ். 1936-ல் சுயேச்சையாகவே நின்று வென்றார். கட்சிக் கட்டுப்பாட்டை உயிராகக் கருதும் நாம் இதற்கு என்ன சொல்வது? அவர் கட்சியை விட்டார் என்பதைவிட, கட்சி தன்னை வளர்த்த குடியானவனை விட்டு ரயில் கம்பெனியோடும் மின்சாரக் கம்பெனியோடும் போய்விட்டது என்பதே உண்மை. நாரிஸ் போன்றவர் வெளியேற வேண்டிய நிலை எந்தக் கட்சிக்கும் வரக்கூடாது. அதைப் பார்த்துக்கொள்வது தலைவர்கள் மட்டும் செய்யும் வேலையல்ல. கிளைக் கழகத்தில் கேள்வி கேட்கும் தொண்டனின் வேலையும்தான்.

ஆனால் மறுபக்கமும் உண்டு. 1942-ல், 81 வயதில், நாரிஸ் தோற்றார். வீடு வீடாகப் போக அவருக்கு அமைப்பு இல்லை. அவர் பணியை எடுத்துச் சொல்லக் கிளை இல்லை, கொடி இல்லை. விளக்கு எரிந்த வீடுகளில்கூட, விளக்கு எப்படி வந்தது என்று சொல்ல ஆள் இல்லை. மெக்குக் ஊருக்குத் திரும்பினார். 1944 செப்டம்பர் 2-ல் மறைந்தார். நல்ல மனிதர் ஒருவர் போதாது. அவர் பின்னால் விழித்திருக்கும் அமைப்பு வேண்டும் என்பதை அந்தத் தோல்வி சொல்கிறது.

இது பழங்கதை அல்ல. 2020 செப்டம்பரில், எதிர்க்கட்சி உறுப்பினர்கள் சபையைப் புறக்கணித்திருந்த நேரத்தில், தொழில் உறவுச் சட்டத் தொகுப்பு நிறைவேறியது. பொதுப் பயன்பாட்டுத் துறைகளுக்கு மட்டும் இருந்த வேலைநிறுத்த முன்னறிவிப்பை, எல்லாத் தொழிற்கூடங்களுக்கும் 14 நாள் என்று விரித்தது அது. அதன் பிரிவுகளைப் படித்து, ஆலைத் தொழிலாளிக்குப் புரியும் தமிழில் சொன்னவர் எத்தனை பேர்? கூட்டத்தில் கேட்டுப் பாருங்கள், தோழர்களே!

ஆகவே நாம் சொல்வது இது. உங்கள் ஊர் வக்கீல் ஓட்டுக் கேட்டு வந்தால், வக்கீல் என்பதற்காக விரட்டாதீர்கள். வக்கீல் என்பதற்காக வணங்கவும் செய்யாதீர்கள். மூன்று கேள்வி கேளுங்கள். இதுவரை யாருக்காக வாதாடினீர்? யாருடைய பாஸ் உம் பையில் இருக்கிறது? சபைக்குப் போனால் எந்த விதியை மாற்றப் போகிறீர்?

பதில் நேராக வந்தால் ஓட்டுப் போடுங்கள். போட்ட பிறகும், அந்தப் பதிலை மறவாமல் வைத்துக்கொண்டு, ஆண்டுக்கு ஒருமுறை கணக்குக் கேளுங்கள். அந்தக் கணக்கைக் கேட்கும் உரிமையும் கடமையும் உழைப்பவனுடையது.